அய்யனார் பெயரில் ஒரு முகவரி

குருவிநத்தம் விவசாயிகள் குழுவின் இணைய முகவரிக்குச் சொந்தக்காரர் அய்யனார் என்று ரபீக் தட்டச்சு செய்த அன்று, கூட்டத்தில் இருந்த யாருக்கும் அது விசித்திரமாகப் படவில்லை. அதற்கு முந்தைய வருஷம்தான் பொது போர்வெல் மோட்டாரை ஒருவர் பெயரில் வாங்கி, அவருக்கும் மேலத்தெருவுக்கும் சண்டை வந்து, அவர் மோட்டார் கொட்டகையைப் பூட்டிக்கொண்டு போய்விட்டார். நடவு நேரத்தில் ஊரே காய்ந்த வாய்க்காலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அந்தக் கோபம் ஆறாத நேரம். முகவரியை யார் பெயரில் போடுவது என்று ரபீக் கேட்டதும் கீழத்தெரு ஒரு பெயரைச் சொன்னது, மேலத்தெரு இன்னொரு பெயரைச் சொன்னது. குழுத் தலைவர் பலராமன் இரண்டு பக்கமும் பார்த்தார்.

"அய்யனார் பேர்ல போடு பாய். அவரு எதையும் பூட்டிக்கினு போவ மாட்டாரு."

எல்லோரும் சிரித்தார்கள். சிரித்து முடிந்ததும் அதுவே தீர்மானமாகிவிட்டது. உரிமையாளர் பெயர் அய்யனார், விலாசம் ஆற்றங்கரை, குருவிநத்தம். மெயில் என்று கேட்ட இடத்தில் ரபீக் தன்னுடையதைப் போட்டுக்கொண்டான்.

ரபீக் பாகூர் கடைத்தெருவில் கடை வைத்திருந்தான். ஜெராக்ஸ், ஆன்லைன் விண்ணப்பம், கூடவே இணைய முகவரி வாங்கித் தருவதும் பராமரிப்பதும். அவன் அதிகம் பேசாதவன். வாடிக்கையாளர் வந்து தன் கதையெல்லாம் சொல்லி முடித்து, பதிலுக்குக் காத்திருந்து, பதில் வராமல் தானே ஒரு முடிவுக்கு வந்து எழுந்து போவது அந்தக் கடையில் வழக்கம். எல்லா முகவரிகளும் அவன் மெயிலில்தான் கிடந்தன. பாஸ்வேர்டு, வேறு கம்பெனிக்கு மாறும்போது கொடுக்க வேண்டிய கோடு என்கிற ரகசியக் குறியீடு, எல்லாமே அவனிடம். நீயே வச்சுக்க பாய், எங்களுக்கு மறந்துடும் என்று அவர்களே சொல்வார்கள். அதில் அவனுக்கு ஒரு நிம்மதியும் இருந்தது. சாவி அவனிடம் இருக்கும்வரை யாரும் அவனை விட்டுப் போக முடியாது. அந்த நிம்மதியை அவன் ஒருநாளும் எடுத்து வெளிச்சத்தில் வைத்துப் பார்த்ததில்லை.

அப்படியும் போனார்கள். வில்லியனூர் சுல்தான்பேட்டையில் ஃபர்ஹானா என்று ஒருத்தி இதே தொழிலுக்கு வந்த பிறகு, மங்கலத்தில் ஒருவர், ஏம்பலத்தில் ஒருவர் என்று கழன்றுகொண்டே இருந்தார்கள். அவள் விலை குறைவு. ஆனால் அவனை உறுத்தியது விலையில்லை. ஏம்பலத்துக் கல்யாண மண்டபக்காரர் கோடு வாங்கிப்போக வந்தபோது, அவள் கடையில் என்ன நடக்கும் என்று விலாவாரியாகச் சொன்னார். வாடிக்கையாளரை உட்கார வைத்து, அவர் பெயரில் மெயில் திறந்து, பாஸ்வேர்டை அவர் கையாலேயே அடிக்க வைப்பாளாம். ஒற்றை விரலால் எழுத்து எழுத்தாகத் தேடி அடித்து முடிக்க அரை நாள் ஆனாலும் பக்கத்தில் பொறுமையாக இருப்பாளாம். கடைசியில் ஒரு தட்டில் கற்கண்டு வைத்து, மாறிப்போவதற்கான கோடையும் முதல் நாளே கையில் கொடுத்துவிடுவாளாம். "புது வூட்டுச் சாவி குடுக்கற மாதிரி குடுக்குது பாய் அந்தப் பொண்ணு. எப்பப் புடிக்கலன்னாலும் கிளம்பிடலாம்னு சொல்லியே குடுக்குது" என்றார் மண்டபக்காரர். ரபீக் கோடைத் தேடிக் கொடுத்தான். அன்று முழுவதும் அந்தக் கற்கண்டுத் தட்டு அவன் கண்ணில் நின்றது.

குருவிநத்தம் மட்டும் அசையவில்லை. அங்கே அரிசி நன்றாகப் போயிற்று. பூங்கார், மாப்பிள்ளைச் சம்பா என்று பழைய நெல் ரகங்களைப் போட்டு, ஆற்றங்கரைக் களத்தில் காயவைத்து, துணிப்பையில் கட்டி அனுப்பினார்கள். ஒவ்வொரு பையிலும் அந்த முகவரி அச்சடித்திருக்கும். ஒருமுறை வாங்கிச் சமைத்தவர்கள் பையைப் பார்த்தே மறுமுறை கேட்பார்கள். சென்னையிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் வரும் ஆர்டர்களை அமுதம் பார்த்துக்கொண்டாள். பன்னிரண்டாவது முடித்துவிட்டுக் களை பறித்துக்கொண்டிருந்தவள், இப்போது காலையில் எழுந்ததும் முதலில் போனைத்தான் பார்ப்பாள்.

பிறகு அந்த விதி வந்தது. இந்திய முகவரி வைத்திருக்கும் ஒவ்வொருவரும் தான் யார் என்று நிரூபிக்க வேண்டும் என்று பதிவு அமைப்பு கறாராகிவிட்டது. பொய்ப் பெயரில் முகவரி வாங்கி, வங்கி மாதிரி வேஷம் கட்டி, ஜனங்களின் பணத்தைச் சுருட்டுகிறவர்களைப் பிடிக்க வந்த விதி. நல்ல விதிதான் என்று ரபீக்கும் நினைத்தான், குருவிநத்தத்தின் முறை வரும்வரை. அவன் முகவரிகளை மொத்த விலைக்கு வாங்கும் கம்பெனியிலிருந்து மெயில் வந்தது. உரிமையாளர் திரு. அய்யனார் தன் ஆதார் எண்ணைக் கொடுத்து, போனுக்கு வரும் ஓடிபியை அடிக்க வேண்டும். கெடுவுக்குள் செய்யாவிட்டால் முகவரி நிறுத்தப்படும். அப்படியே கிடந்தால் பறிபோய்ப் பொதுச் சந்தைக்கு வரும். அப்போது முதலில் கை நீட்டுகிறவருக்கு அது சொந்தம்.

பலராமன் பெயருக்கு மாற்றலாம் என்று பார்த்தான். நிரூபிக்காத உரிமையாளரின் பெயரை மாற்ற முடியாது என்றது திரை. உரிமையாளர் ஒரு தெய்வம் என்று கம்பெனிக்கு நீளமாக எழுதினான். உரிமையாளரை எங்களோடு வீடியோவில் பேசச் சொல்லவும் என்று பதில் வந்தது.

அரிசி மண்டி அருள்முருகன் அந்த வாரமே கடைக்கு வந்தார். மண்ணாடிப்பட்டுப் பக்கம் ஆலை வைத்திருப்பவர். பார்க்க மென்மையானவர், உட்காரும்போது வேட்டியைக் கூட சத்தமில்லாமல் ஒதுக்குவார். விஷயம் எப்படியோ அவர் காதுக்குப் போயிருந்தது. ரபீக் எதுவும் செய்ய வேண்டாம், சும்மா இருந்தால் போதும் என்றார். முகவரி விழும், விழுந்ததும் தன் பெயருக்குப் பிடித்துக் கொடுக்க வேண்டும், அதன் பிறகு ஆலையின் முகவரிகளை எல்லாம் ரபீக்கிடமே கொடுத்துவிடுவார். "கீழ விழுந்ததை எடுக்கறதுக்கு எந்தச் சட்டத்துலயும் தடை இல்ல தம்பி. முதல்ல வந்தவனுக்கு முதல்ல. நான் எழுதுன விதியா இது?"

ரபீக் பேசவில்லை. அது அவன் வழக்கம்தான். ஆனால் அருள்முருகன் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு, தோளைத் தட்டிவிட்டுப் போனார். மாட்டேன் என்று சொல்ல ஒரு சொல் போதும். அந்த ஒரு சொல் ஏன் வரவில்லை என்று யோசித்தபோது, யோசனை அவனுக்குப் பிடிக்காத ஒரு இடத்தில் போய் நின்றது.

மறுநாள் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு.

"ரபீக் அண்ணே, வில்லியனூர் ஃபர்ஹானா பேசறேன். திட்டணும்னா முதல்ல திட்டிடுங்க. அப்புறம் விஷயத்துக்கு வரேன்."

ரபீக் போனைக் காதிலிருந்து எடுத்து அந்த எண்ணை ஒருமுறை பார்த்தான்.

"லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன்."

அருள்முருகன் அவளிடமும் போயிருக்கிறார். முகவரி விழும் நாளுக்கு முன்கூட்டியே அவள் வழியாக வரிசையில் இடம்பிடித்து வைக்கச் சொல்லியிருக்கிறார். அவள் மறுத்துவிட்டாளாம். அந்தப் பெயருக்கு இன்று ஆள் இருக்கிறது, ஆள் உயிரோடு இருக்கும்போதே வீட்டுக்கு அட்வான்ஸ் வாங்க மாட்டேன் என்று சொன்னாளாம். சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். பிறகு குரலைத் தணித்து, தான் மொத்த விலைக்கு வாங்கும் கம்பெனி, அமைப்புகளின் பெயரில் இருக்கும் முகவரிகளையும் காகிதம் பார்த்து ஏற்றுக்கொள்கிறது என்றாள். முகவரியைத் தன்னிடம் மாற்றினால் காப்பாற்றிவிடலாம்.

ரபீக் காதில் போனை வைத்தபடி தெருவைப் பார்த்தான். இப்படித்தான் அவள் எல்லோரையும் எடுத்துக்கொள்கிறாள் என்று ஒரு எண்ணம் வந்தது. கடைசியில் மிச்சமிருந்ததும் போகிறது. குருவிநத்தம் போனால் பின்னாலேயே சுற்றுப்பட்டு ஊர்களும் போகும்.

"இன்னா அண்ணே, கணக்குப் போடறீங்களா?" என்றாள். "போடுங்க. நானும் போட்டுட்டுத்தான் பேசறேன். எனக்கு ஒரு கஸ்டமர் லாபம். அதை மறைக்கல."

அவளிடம் கோபப்பட முடியாமல் போனது அந்த இடத்தில்தான். அன்று மாலை மாற்றும் கோடை அவளுக்கு அனுப்பினான். அனுப்பும்போதே தெரியும், கோடு கையில் இருந்தால் அவள் உடனே இழுக்க ஆரம்பித்துவிட முடியும். உரிமையாளர் சம்மதத்தோடுதான் மாற்ற வேண்டும் என்பது விதி. ஆனால் சம்மதம் கேட்கும் மெயில் வருவது ரபீக்குக்குத்தான். ஒரு தட்டு தட்டினால் முடிந்தது. அவள் இழுக்கவில்லை. ஊரைக் கேட்டுச் சொல்லுங்க, அதுவரைக்கும் இது எங்கிட்ட சும்மா கிடக்கும் என்று ஒரு வரி அனுப்பினாள்.

குருவிநத்தத்தில் கூட்டம் போட்டார்கள். உரிமையாளர் தன் சம்மதத்தைத் தெரிவித்தால் மட்டுமே மாற்றம் நடக்கும் என்று விதியில் இருந்ததை அமுதம் உரக்கப் படித்தாள். கீழத்தெருவும் மேலத்தெருவும் பலராமனைப் பார்த்தன. பிறகு பலராமன், இதில் என்ன யோசனை, ஓனர் அவர்தானே, அவரையே கேட்டுவிடுவோம் என்றார். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. ரபீக்குக்கும் சிரிப்பு வரவில்லை. மெயிலில் வருகிற சம்மதக் கேள்விக்கு இதுவரை எத்தனையோ வாடிக்கையாளர்களுக்காக அவனே பதில் தட்டியிருக்கிறான். சொந்தக்காரரிடம் போய் நிஜமாகவே கேட்கிற ஊரை அவன் அன்றுதான் பார்த்தான்.

அந்த ஊரில் அய்யனாரைக் கேட்பதற்கு ஒரு முறை உண்டு. வெள்ளை நந்தியாவட்டையை ஒரு இலையிலும் செவ்வரளியை ஒரு இலையிலும் மடித்து, ஒரே மாதிரி பொட்டலமாகக் கட்டிச் சாமி முன்னால் வைப்பார்கள். வெள்ளை வந்தால் சரி, சிவப்பு வந்தால் வேண்டாம். ஊர்க்காரர் யாரும் பொட்டலத்தைத் தொடக் கூடாது. ஊர்க்காரன் கையில் தெருச்சண்டையும் சேர்ந்தே வரும் என்பார்கள். காலை வண்டியிலிருந்து கோயில் நிறுத்தத்தில் முதலில் இறங்குகிற வெளியூர்க்காரர்தான் எடுக்க வேண்டும். கேள்வி என்னவென்று அவருக்குச் சொல்லக் கூடாது.

ரபீக் அன்று கோயிலுக்கு வெளியே, புளியமரத்தடியில், பைக்கில் சாய்ந்து நின்றிருந்தான். கையில் போன், வெள்ளை வந்தால் அங்கேயே மெயிலில் சம்மதம் தட்டிவிடுவதற்காக. ஃபர்ஹானாவிடம் விஷயத்தைச் சொல்லியிருந்தான். வந்து பார்க்கலாமா என்று கேட்டிருந்தாள். ஸ்கூட்டியில் வருவாள் என்று நினைத்திருந்தான்.

பஸ் வந்து நின்றது. முதலில் இறங்கியது அவள்தான். முக்காட்டைச் சரிசெய்துகொண்டே, ஸ்கூட்டி பாகூர் ஏரிக்கரையில் பஞ்சர் என்று ரபீக்கைப் பார்த்துச் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் பலராமன் அவள் எதிரில் போய்க் கும்பிட்டு, அம்மா, ஒரு நிமிஷம் வந்து ரெண்டுல ஒரு பொட்டலம் எடுத்துக் குடுத்துட்டுப் போங்க என்றார். வேறு மதம் என்பதையோ வேறு ஊர் என்பதையோ யாரும் பொருட்படுத்தவில்லை. வழியில் வருகிறவர் என்பதுதான் கணக்கு. அவளை அங்கே யாருக்கும் தெரியாது. ரபீக்குக்கு மட்டும் தெரியும்.

ரபீக் வாய் திறக்கவில்லை. சொல்லியிருக்கலாம். ஆனால் அவள் என்ன செய்கிறாள் என்று பார்க்க அவனுக்குள் ஏதோ ஒன்று காத்திருந்தது.

ஃபர்ஹானா செருப்பைக் கழற்றிவிட்டு இரண்டு எட்டு வைத்தாள். பொட்டலங்களைப் பார்த்தாள். நின்றுவிட்டாள்.

"நான் எடுக்கக் கூடாதுங்க," என்றாள். "இந்தப் பேரை யார்கிட்ட குடுக்கலாமான்னு கேக்கறீங்களோ, அது நான்தான். வில்லியனூர் ஃபர்ஹானா."

பலராமன் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "அட, நீ சொல்லாம இருந்தா எங்களுக்கு இன்னாம்மா தெரியும்?"

"அதனாலதான் சொல்றேன்."

ஆற்றுப்பக்கம் மணல் லாரி ஒன்று கியர் மாற்றும் சத்தம் மட்டும் கேட்டது. ரபீக் போனைச் சட்டைப்பையில் வைத்தான். அவளைக் கண்காணிக்க அங்கே எந்த அமைப்பும் இல்லை. எந்தக் கம்பெனி மெயிலும் அவளை நிறுத்தவில்லை. விதியை எழுதியவர்கள் எங்கோ தூரத்தில் இருந்தார்கள். ஆனாலும் அவள் நின்ற இடத்தில் விதி நின்றது. தான் ஒரு சொல்கூடச் சொல்லாமல் மரத்தடியில் நின்றதை அவன் நினைத்துக்கொண்டான்.

பஸ் இன்னும் கிளம்பவில்லை. முட்டை அட்டைகளை அடுக்கிக்கொண்டு ஒரு வெளியூர்க்காரர் பின்வாசலில் இறங்கினார். அவரைப் பிடித்துக்கொண்டார்கள். அட்டைகளை யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் கடைசியில் ஃபர்ஹானாவின் கையில் கொடுத்துவிட்டுப் போய், கண்ணை மூடி ஒன்றை எடுத்தார். பூசாரி பிரித்தார்.

செவ்வரளி.

"இன்னாங்க, பரிசு எதுனா உண்டா?" என்றார் முட்டைக்காரர். இல்லை என்றதும் அட்டைகளை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

பலராமன் மரத்தடிக்கு வந்தார். "பாய், உன்கிட்டயே இருக்கேன்னுட்டாரு. இனிமே உன் பாடு" என்றார். ரபீக் உள்ளூர இதைத்தான் விரும்பினான். விரும்பியது கிடைத்ததும் அது பாரமாகிவிட்டது. அவன் கம்பெனி ஏற்காது. கெடு நெருங்கிவிட்டது. சாமி அவனிடம் இருக்கிறேன் என்றார். அவனால்தான் வைத்துக்கொள்ள முடியவில்லை.

ஃபர்ஹானா வந்து பக்கத்தில் நின்றாள். அவன் அனுப்பிய கோடைப் போனில் திறந்து, அவன் பார்க்கவே அழித்தாள். "நீங்களும் போயி கோடை மாத்திடுங்க அண்ணே. என் மண்டையில கொஞ்சம் ஒட்டியிருக்கும். மாத்திட்டா எனக்கும் நிம்மதி."

அவ்வளவுதான், கிளம்பிவிடுவாள் என்று அவன் நினைத்தான். அவள் கிளம்பவில்லை. எதிரே டீக்கடை பெஞ்சில் போய் உட்கார்ந்து இரண்டு டீ சொன்னாள்.

"நம்ம பள்ளிவாசல் நிலம் யார் பேர்ல இருக்கு?" என்று கேட்டாள்.

ரபீக் யோசித்தான். வக்ஃபு நிலம். கொடுத்தவர் கொடுத்ததோடு சரி. அதன் பிறகு அது இறைவனுக்குச் சொந்தம். முத்தவல்லி வெறுமனே பார்த்துக்கொள்கிறவர். சின்ன வயதிலிருந்து தெரிந்ததுதான். அய்யனார் பேர்ல போடு என்று பலராமன் சொன்னபோது தானும் சேர்ந்து சிரித்தது நினைவுக்கு வந்தது. அதில் சிரிக்க என்ன இருந்தது என்று இப்போது தெரியவில்லை.

ஒரு தர்கா முகவரிக்கு இதே சிக்கல் வந்தபோது பார்த்ததை அவள் சொன்னாள். உரிமையாளர் மனிதராக மட்டுமே இருக்க வேண்டும் என்று விதியில் எங்கும் இல்லை. அமைப்பாக இருக்கலாம், அதைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் இருந்தால் போதும். அவன் கம்பெனி சோம்பேறித்தனமாக ஒரே ஒரு வாசலை மட்டும் கட்டி வைத்துக்கொண்டு, அந்த வழியாக வராதவர்களைத் திருப்பி அனுப்புகிறது. கம்பெனிக்கு எழுதிப் பிரயோசனமில்லை. அந்தக் கம்பெனிக்கு விற்கும் உரிமை கொடுத்திருக்கிற பதிவு அமைப்புக்குப் புகார் எழுத வேண்டும். சாமி பெயரில் என்னென்ன காகிதம் இருக்கிறது என்று கேட்டாள்.

பலராமனைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். கோயில் நிலத்துப் பட்டா அய்யனார் பெயரில் இருந்தது. கரண்ட் பில்லும் அவர் பெயரில்தான் வந்தது. "பட்டா இருக்குது, மீட்டர் இருக்குது. ரேஷன் கார்டுதான் இல்ல" என்றார் பலராமன். "கேட்டா வசதிக்காரங்களுக்குக் குடுக்கற மஞ்சள் அட்டைதான் குடுப்பானுங்க. குதிரை வச்சிருக்காரு இல்ல?"

ஃபர்ஹானா சிரித்துச் சிரித்து டீயைக் கொட்டிக்கொண்டாள். அவள் வரி வரியாகச் சொல்ல, ரபீக் போனில் அடித்தான். எங்கேயும் கெஞ்சவில்லை, எங்கேயும் திட்டவில்லை. எந்த விதி, என்ன நடந்தது, என்ன வேண்டும் என்று மட்டும் இருந்தது. அவன் ஒரு இடத்தில், ஏழை விவசாயிகளின் வாழ்வாதாரம் என்று சேர்க்கப் பார்த்தான். வேண்டாம் அண்ணே, உரிமையைக் கேக்கறப்ப இரக்கத்தைக் கேக்கக் கூடாது, ரெண்டும் கிடைக்காமப் போயிடும் என்றாள்.

பட்டாவையும் கரண்ட் பில்லையும் படமெடுத்துச் சேர்த்து அனுப்பி முடித்த பிறகு அவன் ஒரு கேள்வி கேட்டான். அவனாகக் கேட்ட முதல் கேள்வி அதுதான்.

"உனக்கு இதுல இன்னாம்மா லாபம்?"

அவள் டம்ளரைக் கீழே வைத்தாள். அவன் பழகிய மாதிரியே ஒரு மௌனம் அவளுக்கும் இருப்பது அப்போதுதான் தெரிந்தது.

"நீங்க கடையை மூடிட்டீங்கன்னு வைங்க. வில்லியனூர்ல இருந்து பாகூர் வரைக்கும் நான் ஒருத்திதான். நான் சொல்றதுதான் விலை. ஒருநாள் யாராவது கோடு கேட்டா, நாளைக்கு வாங்கன்னு சொல்லத் தோணும். சொல்லவும் செய்வேன். எனக்கு என்னைத் தெரியும். எதிர்ல நீங்க ஒரு ஆளு இருக்கறதாலதான் நான் ஒழுங்கா இருக்கேன்."

ரபீக் தலையைக் குனிந்துகொண்டான். நாளைக்கு வாங்க என்று அவன் எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறான்.

புகாருக்குப் பதில் வரவில்லை. கெடு முடிந்த காலையில் முகவரி நின்றுபோனது. அமுதம் போன் செய்தாள். திறந்தால் வெறும் வெள்ளையாக இருக்கிறது, புதுப் பையெல்லாம் அச்சாகி வந்து கிடக்கிறது, ஒட்டுக்காகிதம் போட்டு மறைக்கட்டுமா என்று கேட்டாள். மறைக்க வேண்டாம் என்றான் ரபீக். எந்த நம்பிக்கையில் சொன்னான் என்று அவனுக்கே தெரியவில்லை. அன்றே அருள்முருகனும் கூப்பிட்டார். நின்றுவிட்டது போலிருக்கிறதே, எப்போது விழும் என்று இதமாகக் கேட்டார்.

"விழாதுங்க," என்றான். "அதுக்கு ஆள் இருக்கு."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. மௌனம் எதிராளியின் கையில் இருக்கும்போது எப்படி இருக்கும் என்று ரபீக் ரசித்தான். பிறகு போனை வைத்தான்.

நாலைந்து நாள் போயிற்று. ஒரு மதியம், கம்பெனியிலிருந்து மெயில் வந்தது. வருத்தமோ விளக்கமோ இல்லை. ஆவணங்கள் பதிவு அமைப்பின் அறிவுறுத்தலின்படி ஏற்கப்பட்டன, உரிமையாளர் அமைப்பு: அய்யனார் கோயில், குருவிநத்தம். இனிமேல் அமைப்புகளுக்கென்று தனி வழி உண்டு என்று கீழே சிறிய எழுத்தில் ஒரு வரி. அந்தச் சிறிய எழுத்தை ரபீக் பலமுறை படித்தான். டீக்கடை பெஞ்சில் எழுதிய புகாரால், யார் யாரோ எங்கெங்கோ இனி அந்த வாசல் வழியாகப் போவார்கள். கட்டியது யார் என்று அவர்களுக்குத் தெரியாது.

அமுதம் போனில் பேசவில்லை. முகவரி திறந்த திரையைப் படமெடுத்து அனுப்பியிருந்தாள், மேலே நெல் காய்கிற களம், கீழே மூன்று புது ஆர்டர்.

அந்த வெள்ளிக்கிழமை ரபீக் குருவிநத்தம் போனான். மாற்றும் கோடை ஒரு காகிதத்தில் எழுதி எடுத்துப் போயிருந்தான். தட்டு கொண்டுபோக வெட்கமாக இருந்தது. கற்கண்டு மட்டும் பொட்டலமாக வாங்கியிருந்தான். இதை வைத்துக்கொள்ளுங்கள், எப்போது வேண்டுமானாலும் என்னை விட்டு எங்கே வேண்டுமானாலும் போகலாம் என்று பலராமனிடம் நீட்டினான். அத்தனை நீளமாக ரபீக் பேசி அவர் கேட்டதில்லை.

"எங்கிட்ட எதுக்குப்பா? ஓனர்கிட்ட குடு" என்றார் பலராமன். கற்கண்டை மட்டும் வாயில் போட்டுக்கொண்டார். காகிதத்தை அமுதம் வாங்கி, அய்யனாரின் கரண்ட் பில் இருந்த கோப்பில் வைத்தாள். அதன் பிறகு ரபீக் ஒவ்வொரு வாடிக்கையாளராகப் போய் அவரவர் கோடை அவரவரிடம் கொடுத்தான். சிலர் அதை வாங்கிக்கொண்டு வில்லியனூருக்கே போனார்கள். பலர் போகவில்லை. போகாதவர்களைப் பார்க்கும்போது முன்பு இல்லாத ஒரு சந்தோஷம் வந்தது. அவர்கள் தாங்களாகவே விரும்பி அவனோடு இருக்கிறார்கள்.

மழைக்காலம் முடிந்து ஒரு காலையில் அவன் கடைக்கு எதிரே, காலியாகக் கிடந்த தையல் கடையை யாரோ வெள்ளையடித்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு பேர் ஒரு போர்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அண்ணாந்து பார்த்தபடி நின்றார்கள். ஃபர்ஹானா, இணைய முகவரி, பாகூர் கிளை. தெருவுக்கு நடுவில் அவளே நின்று, இன்னும் கொஞ்சம் இடது பக்கம் என்று கை காட்டிக்கொண்டிருந்தாள். ரபீக்கைப் பார்த்ததும் சிரித்தாள்.

"அண்ணே, ஏணி இருக்குமா? இவங்க கொண்டாந்தது எட்டல."

ரபீக் அவளையும் போர்டையும் பார்த்தான். போர்டின் கீழ் மூலையில் வருஷக் கட்டணம் பெரிய எழுத்தில் இருந்தது. அவன் வாங்குவதைவிடக் குறைவு.

அவன் உள்ளே போய் ஏணியைத் தூக்கி வந்தான். போர்டு ஏறி ஆணி அடித்து முடியும்வரை ஏணியின் அடியைப் பிடித்துக்கொண்டு நின்றான். பிறகு கடைக்குத் திரும்பி, கண்ணாடிக் கதவில் ஒட்டியிருந்த தன் விலைத்தாளை நகத்தால் சுரண்டி எடுத்தான். மார்க்கர் பேனாவின் மூடியைக் கழற்றி, எவ்வளவு போடலாம் என்று யோசிக்க ஆரம்பித்தான்.